வீட்டிலும் வேண்டும் ஓர் ஒதுக்கீடு!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி என்று கூடினாலே நாம் ஒதுக்கீட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று 2006-ல் சச்சார் குழு அறிக்கை சொன்னது. 2007-ல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை மாநாடுகள், எத்தனை ஊர்வலங்கள்!

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் அந்த இடம் ஒரு பிள்ளையின் கைக்கு வரும்போது அவனுக்கு வயது 17, 18. அந்த இடத்தில் போய் உட்காரும் அறிவுக்கு அஸ்திவாரம் போடப்படுவது எப்போது? அவன் பேசக் கற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. போடுவது யார்? அரசாங்கமா, பள்ளிக்கூடமா? இல்லை. அவனோடு முகம் கொடுத்துப் பேசுகிற மனிதர்கள். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சோறு மட்டும் போதுமா?

"என் பிள்ளைக்கு நான் என்ன குறை வைத்தேன்? நல்ல சாப்பாடு, நல்ல துணி, நல்ல பள்ளிக்கூடம்" என்று கேட்காத தகப்பன் நம்மில் இல்லை. ருமேனியா நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த நாட்டை ஆண்ட சௌஷெஸ்கு, ஜனத்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியில்லாத பெற்றோர் பெற்ற பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த விடுதிகளில் இருந்தார்கள். வரிசை வரிசையாகக் கட்டில்கள். பல குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண். பால் உண்டு, கூரை உண்டு. ஆனால் அழுதால் திரும்பிப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்க ஆள் இல்லை.

பின்னர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அறிஞர்கள் சிலர் தலைநகர் புக்காரெஸ்ட் விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். யாருக்கும் மூன்று வயது ஆகவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்கள் விடுதியில் வழக்கம்போல் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், குடும்பத்தில் சேர்ந்த பிள்ளைகள் அறிவுத் திறனில் விடுதிப் பிள்ளைகளை முந்தியிருந்தார்கள். அவர்களிலும், இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

நம் பிள்ளைகள் அப்படி விடப்பட்டவர்கள் அல்லர். அவர்களை இவர்களோடு ஒப்பிட நான் வரவில்லை. வயிறு நிறைந்தால் மூளை தானாக வளர்ந்துவிடும் என்ற எண்ணம் பிழை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

பெட்டி பேசும், பதில் பேசாது

வீட்டில் பேச்சுக்கா பஞ்சம், நாள் முழுக்க டி.வி. பேசுகிறது, கைப்பேசி பேசுகிறது என்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

பிறந்து சில மாதமான குழந்தை எந்த மொழியின் ஓசையையும் பிரித்தறியும். ஒரு வயது நெருங்க நெருங்க, தன்னைச் சுற்றிப் பேசப்படாத மொழிகளின் ஓசை வேறுபாடு அதற்கு மங்கிவிடும். நம்முடைய ல, ள, ழ அயல்நாட்டாரைத் தடுமாற வைப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பேட்ரீசியா குல் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் வந்து, பொம்மை காட்டி, புத்தகம் காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 முறை, முறைக்கு 25 நிமிடம். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். வேறொரு பிரிவுக்கு ஒலி மட்டும்.

2003-ல் முடிவு வெளியானது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஓசைகளைத் தைவான் குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்தறிந்தன. வீடியோ பார்த்தவையும் ஒலி கேட்டவையும் எதுவுமே கற்கவில்லை. குழந்தை ஓசையை மட்டும் கேட்பதில்லை. பேசுபவர் எங்கே பார்க்கிறார், நான் சிரித்தால் அவரும் சிரிக்கிறாரா, நான் கை நீட்டிய பொருளின் பெயரைச் சொல்கிறாரா என்று பார்க்கிறது. பெட்டிக்கு அது தெரியாது.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சோறு ஊட்டுவதற்கே கைப்பேசியைக் கையில் கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சபர் போன சகோதரர்கள் மனம் தளர வேண்டாம். 2014-ல் வெளியான இன்னோர் ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் முன்கூட்டிப் பதிவு செய்த வீடியோவிலிருந்து புதுச் சொற்களைக் கற்கவில்லை. ஆனால் எதிர்முனையில் ஆள் இருந்து, கேட்டதற்குப் பதில் சொன்ன வீடியோ அழைப்பில் கற்றுக்கொண்டார்கள். துபாயிலிருந்து பேசும்போது "உம்மாவிடம் கொடு" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடாதீர்கள். பிள்ளை கையில் என்ன வைத்திருக்கிறான் என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள்.

இன்று துணையோடு, நாளை தனியாக

இதையெல்லாம் ஒரு கொள்கையாக வகுத்தவர் லெவ் வைகாட்ஸ்கி. ஜார் ஆட்சியின் கீழ் இருந்த பெலாரஸில் 1896-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் யூதர்களுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இடம் இல்லை என்று அன்று சட்டம். அந்த 3 சதவீதத்தையும் 1913-ல் மதிப்பெண் பார்க்காமல் குலுக்கலில் கொடுத்தார்கள். குலுக்கலில் பெயர் விழுந்ததால் உள்ளே போனவர் அவர். காசநோயால் 37 வயதில், 1934-ல் இறந்துபோனார்.

பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று. தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியது அதைவிட ஒரு படி மேலே. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் கல்வி நடக்கிறது, இன்று துணையோடு செய்ததை நாளை தனியாகச் செய்வான் என்றார் அவர். நாம் பிறரோடு பேசும் பேச்சே பின்னால் நமக்குள் பேசும் பேச்சாகி, சிந்தனையாகிறது என்பதும் அவர் கருத்து.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. உஸ்தாத் பாடம் நடத்தி முடித்த பிறகு மாணவர்கள் கூடி உட்காருவார்கள். விளங்கியவர் விளங்காதவருக்கு மறுபடி சொல்வார். ‘தக்ரார்’ என்போம். கேட்பவருக்கும் தெளியும், சொல்பவருக்கும் பாடம் உறுதிப்படும். இந்த வழக்கத்தை நம் தெருப் பிள்ளைகளின் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஏன் கொண்டுவரவில்லை?

கல்லாவுக்கு முன்னால் ஒரு கணக்கு

வணிகச் சகோதரர்களே, இது உங்களுக்கு. பிரேசில் நாட்டில் ரெசிஃபி நகரச் சந்தையில் தேங்காய், பழம் விற்கும் ஐந்து பிள்ளைகளை மூன்று அறிஞர்கள் கவனித்து, 1985-ல் எழுதினார்கள். வாடிக்கையாளராக நின்று விலை கேட்டு, பாக்கி கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. பிறகு அதே பிள்ளைகளை உட்காரவைத்து, அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தார்கள். 37 சதவீதம்தான் சரி. எண்ணைக் கதையாக்கிக் கேட்டபோது 74.

ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு? அந்தப் பையன் 35-க்குப் பக்கத்தில் பூஜ்யம் போடவில்லை. மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்கு விற்று விற்றுப் பழக்கம். மும்மூன்றாகக் கூட்டி 210, 315 என்று வந்து, மிச்சம் ஒன்றையும் சேர்த்து 350 என்றான். ஆளோடு ஆள் பேசி நடக்கும் வியாபாரத்தில் அவனே கண்ட வழி அது. "மக்குப் பயல், கணக்கு வராது" என்று நாம் தள்ளிவிடும் பிள்ளைக்குள்ளும் இப்படி ஒரு கணக்கு இருக்கலாம்.

இதைச் சாக்காக வைத்துப் பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கடையில் உட்காரவைக்காதீர்கள்! அது அவனுக்குச் செய்யும் அநியாயம். கடையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூட்டை என்ன விலைக்கு வந்தது, வண்டிக் கூலி எவ்வளவு, கிலோ என்ன விலைக்கு விற்றால் கட்டும் என்று மகனிடமும் மகளிடமும் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் அதட்டாதீர்கள், எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். மாணவரிடம் கடுமை காட்டினால் சோம்பலும் பொய்யும்தான் வளரும் என்று இப்னு கல்தூன் 14-ஆம் நூற்றாண்டிலேயே தம் ‘முகத்திமா’வில் எச்சரித்துவிட்டார்.

நபி (ஸல்) அவர்களுக்கு இருந்த பொறுப்பைவிடவா நமக்கு வேலை அதிகம்? அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி இறந்துபோனது. நபியவர்கள் அந்தச் சிறுவனிடம் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பிள்ளையின் உலகத்தில் எது பெரியதோ, அதைக் கொண்டே பேச்சைத் தொடங்கினார்கள்.

என்ன செய்யலாம்?

தகப்பன்மார்களே! கடை அடைத்து நீங்கள் வரும்போது பிள்ளை தூங்கியிருப்பான். அப்படியானால் காலையில் கடை திறக்கும் முன் அரை மணி நேரம் அவனுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடாதீர்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்று வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். தமிழோ உர்தூவோ, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் நிறையப் பேசுங்கள். வீட்டில் உம்மாவும் நன்னியும் பேசும் பேச்சு, சொல்லும் கதை, இவையும் கல்வியே. அதற்கு அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இளைஞர்களே! மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தெருமுனையில் கழிக்காதீர்கள். கல்லூரியில் படிக்கும் ஒருவர் ஐந்து சிறுவர்களைச் சேர்த்து உட்காருங்கள். நீங்களே நடத்தாதீர்கள், அவர்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வையுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் தனியே ஏற்பாடு செய்யுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் மஹல்லாவில் அங்கன்வாடி இருக்கிறதா? இருந்தால் நம் பிள்ளைகள் போகிறார்களா? இல்லையென்றால் மனுக் கொடுத்துக் கேளுங்கள். 1975 முதல் நடக்கும் திட்டம் அது. நம் வரியிலும் நடப்பது.

அரசாங்கத்திடம் ஒதுக்கீடு கேட்பது நம் உரிமை, அந்தப் போராட்டம் தொடரும். நம் வீட்டில் பிள்ளைக்கு நேரம் ஒதுக்க எந்த அரசாணையும் தேவையில்லை. நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். இறைவன் நம் சந்ததியின் அறிவைப் பெருக்குவானாக! வஸ்ஸலாம்.