மறுமொழிக்கு முன் ஒரு வேண்டுதல்

(ஆரணிச் சங்கக் கூட்டத்தில் பேசியது)



பட்டுத் தறியில் பாவின் இழை ஒன்று அறுமாயின், நெய்பவர் நாடாவை நிறுத்தி, இழையை முடிந்த பின்னரே மேலும் நெய்வார். இதனை ஆரணியார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தறியிற் காணும் அந்நிதானம் கூலிக் கணக்குப் பார்க்குமிடத்திற் காண்பது அரிது.

ஜெபிக்கும் குடும்பத்தினராகிய நாம் நெகேமியாவை நோக்குவோம். கி.மு. 445-ஆம் ஆண்டளவில் சூசான் அரண்மனையில் பார்சீக வேந்தனுக்குப் பானபாத்திரக்காரராயிருந்தவர் அவர். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடந்த துயரால் அவர் முகம் வாடியிருந்தது. அது கண்டு, அவர் வேண்டுவது யாதென அரசன் வினவினான். மிக அஞ்சிய அவர், முதலில் தேவனை வேண்டி, அதன்பின்னரே அரசனுக்கு விடை பகர்ந்தார். வினாவுக்கும் விடைக்கும் இடையே மூச்சளவு நேரமே இருந்திருக்கும். ஆனால் அச்சிறு வேண்டுதலுக்குப் பின்னே, கிஸ்லேவு முதல் நிசான் வரை ஏறக்குறைய நான்கு மாத ஜெபம் நின்றது.

வள்ளுவரும் வெகுளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். எனினும் நிதானமாவது வாய்மூடியிருத்தல் அன்று. நெகேமியா விடையும் கடிதங்களும் மரமும் துணிந்து கேட்டார். பின்னொருகால் ஏழைகள் நிலத்தை ஈடுவைத்து, பிள்ளைகளையும் அடிமைப்படுத்த நேர்ந்ததென முறையிட்டபோது கடுஞ்சினங் கொண்டார். தம் மனத்துள் ஆராய்ந்தார். அதன்பின் வட்டி வாங்கிய பெரியோரை நேர்நின்று கடிந்து, நிலங்களைத் திருப்பிக் கொடுப்பித்தார்.

ஆதலின், கூலி குறைந்த நெசவாளியை ஜெபித்துப் பொறுத்திருக்குமாறு முதலாளி உபதேசிப்பது தகாது. நெசவாளி ஜெபித்துவிட்டுக் கேட்கட்டும். முதலாளியும் ஜெபித்துவிட்டுக் கணக்கை மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.