அச்சைத் தாங்கும் கைகள்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் பெருமையைப் பேசுவோர் மண்ணெண்ணெயை மறப்பதில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயால் ஓடின. நோயாளரையும் மணமக்களையும் அவையே சுமந்தன. எரிபொருளுக்கு மாற்றுக் கிடைத்தது. தேய்ந்த உறுப்புகளுக்கு மாற்றுக் கிடைப்பது அரிதாயிற்று. உதிரிப்பாகங்களும் தடைக்கு உட்பட்டிருந்தன.

அவ்வுறுப்புகளுள் ஒன்றை ஈண்டு நோக்குதல் தகும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் வெளிவந்தது மொறிஸ் மைனர். இக்காலக் கார்கள் பலவற்றில் பின் சக்கரங்களை நெறிப்படுத்தத் தனி இரும்புக் கைகள் உண்டு. மைனரிலோ பின் அச்சின் இருபுறமும் தகட்டு ஸ்பிறிங்குகளே உள்ளன. பாரத்தைத் தாங்குதல், அச்சை இடம்பெயராது பிடித்தல் ஆகிய இரு கடமைகளும் அவற்றுக்கே உரியன. அவற்றை உடலோடு இணைக்கும் இடங்களில் சிறிய றப்பர் புஷ்கள் அமைந்துள்ளன.

புஷ் தேய்ந்தால் அச்சு அசையும். புறப்படும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் 'டக்' என்னும் ஒலி எழும்; வளைவிலே காரின் பின்புறம் தடுமாறும். கடலோர உப்புக் காற்றோ தகடுகளிலும் ஆணிகளிலும் துருவேற்றும். ஒலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுபவர், தம்மோடு பயணஞ்செய்வோரின் உயிரையும் பணயம் வைக்கின்றார்.

மாற்றும் முறையிலும் அவதானம் வேண்டும். காரை ஜக்கில் மட்டும் நிறுத்தி அடியில் நுழைதல் ஆகாது. உடலை உறுதியான தாங்கிகளில் இருத்திய பின்னரே அச்சின் பாரத்தை ஜக்கினால் ஏந்துதல் வேண்டும். ஸ்பிறிங்கை மாற்றின் இருபுறமும் ஒருங்கே மாற்றுதல் நன்று; ஒன்று புதிதாயும் மற்றது தளர்ந்தும் இருப்பின் கார் சாயும். பழைய ரயரை வெட்டிப் புஷ்ஷுக்குப் பதிலாக இடுதல் ஆபத்துக்கு உதவலாம்; நிலையான பரிகாரம் அன்று.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று. சக்கரங்கள் தொங்கும் நிலையில் நட்டுகளை முற்றாக இறுக்கலாகாது. அவ்வாறு இறுக்கிய றப்பர், கார் தரையில் இறங்கியதும் முறுகி, விரைவில் கிழிந்துபோகும். கார் தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும்போதே இறுதியாக இறுக்குதல் முறை.

இவ்வேலை வெளியே தெரியாது. புதிய வர்ணப்பூச்சைக் காண்போர் மெச்சுவர். அடியிலுள்ள புஷ்ஷை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. எவரும் பாராத இடத்தையும் செவ்வையாக முடிக்கும் தொழிலாளியின் நேர்மையாலேயே அப்பழைய கார்கள் இன்றும் வீதியில் நம்பிக்கையோடு செல்கின்றன.