நான்காம் உறுப்பு

(சங்க ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கும் நாடகத்துக்கும் உரிய இவ்வினிய மாலைப் பொழுதில் விபத்தைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருப்பவர்கள் நாம். ஆபத்து நேரும் நாளில் நமக்கு யார் துணை என்ற கேள்வியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் எண்ணிப் பார்ப்பது நம் கடமை என்பது என் துணிபு.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் என்பன அவை. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காம் உறுப்பையோ மறந்துவிடுகிறோம். கொடிய காயமுற்றுத் தப்பியவரின் வாழ்வு பெரிதும் அந்த நான்காம் உறுப்பிலேதான் தங்கியிருக்கிறது.

முதுகுத் தண்டு அடிபட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். முறிந்த எலும்பைச் சேர்த்துவைக்கும் மருத்துவம், அறுபட்ட தண்டுவட நரம்பை முன்போல் இணைக்கும் வழியை இன்னும் காணவில்லை. உயிரைக் காத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதன் பிறகுதான் நெடும் போராட்டம் தொடங்குகிறது. உணர்ச்சியற்ற உடலில் எலும்பு அழுந்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் தோன்றும். ஆகவே இரண்டு மணிக்கொரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவும் இதற்கு விலக்கன்று. சிறுநீர் தேங்கினால் கிருமி பெருகிச் சிறுநீரகம் கெடும். விபத்து நாளில் தப்பிய உயிர், இவ்விரண்டு காரணங்களால் வீட்டிலே பறிபோனதுண்டு. இரவில் நான்கு முறை விழித்தெழும் தாயோ மனைவியோ எத்தனை மாதம் தனியே தாங்க முடியும்?

இதை நன்குணர்ந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே பயின்ற அவர், 1954-ஆம் ஆண்டு மோட்டார் விபத்திலே சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்திலே மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தம் உடலைத் தாமே பேணுவது, ஒரு தொழிலைக் கைக்கொள்வது ஆகியவற்றில் நோயாளருக்கும், அவரைப் பேணும் முறையில் உறவினருக்கும் பயிற்சியளிப்பதே இத்தகைய நிலையங்களின் வேலை. வீடு திரும்பிய பழைய நோயாளர்களை ஆண்டுதோறும் மீண்டும் வரவழைத்து, உடலைச் சோதித்து, விளையாட்டும் கலைநிகழ்ச்சியும் நடத்தும் விழாவொன்றும் வேலூரில் வழக்கமாயிற்று. அனுப்பியவரை மறவாத மருத்துவமனை அது!

நம் தில்லியிலேயே இன்னொரு சான்று உண்டு. மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா 1965-ஆம் ஆண்டு மே 29-இல் எவரெஸ்ட் சிகரத்திலே நின்றவர். அதே ஆண்டு நடந்த போரில் குண்டு முதுகுத் தண்டிலே பாய, சக்கர நாற்காலியே அவர் வாழ்வாயிற்று. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலே தாம் பெற்ற சிகிச்சை நம் நாட்டவர்க்கும் கிட்ட வேண்டுமென்று உழைத்து, வசந்த் குஞ்சில் இந்திய முதுகுத் தண்டுக் காய மையத்தை நிறுவினார். 2022-இல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய மருத்துவமனை நிற்கிறது.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியையும் சொல்ல வேண்டும். எஸ். இராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்விலே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-இல் தம் சிற்றூரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ‘அமர்’ என்பது, அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரிலிருந்து வந்தது. பொதிகைச் சாரலிலே ஒரு சீக்கிய மருத்துவரின் பெயர் நாள்தோறும் ஒலிக்கிறது. பஞ்சாபியரோடு சுவரடுத்து வாழும் நமக்கு இதனினும் இனிய செய்தி வேறென்ன?

அன்பர்களே! இவர்களைப் போற்றிவிட்டுக் கலைந்துபோனால் போதுமா? நம் ஜனக்புரியைப் பாருங்கள். லிப்ட் இல்லாத அடுக்கு வீடுகளிலே நம்மவர் பலர் குடியிருக்கின்றனர். மூன்றாம் மாடியில் இருப்பவர் நடக்கவியலாமற் போனால், அந்த வீடே அவருக்குச் சிறையாகிவிடும். மெட்ரோ நிலையத்திலே லிப்ட் உண்டு. ஆனால் அதுவரை செல்ல அவர் முதலில் தெருவுக்கு இறங்க வேண்டுமே! பொதுக் கட்டடங்கள் மாற்றுத் திறனாளிகளும் எளிதில் புகுமாறு அமைய வேண்டுமென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. நம் வாசற்படிகளைப் பற்றி நாமே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். மகனுக்குத் துணையாக ஊரிலிருந்து வந்து, இந்தி அறியாமல் மருத்துவமனை வராந்தாவிலே தவிக்கும் தாய்க்கு மொழித் துணையாக நம்மில் இருவர் முறை வைத்துச் செல்லலாம். வாரத்தில் ஓரிரவு, முறையாகக் கற்றுக்கொண்டு நோயாளரைத் திருப்பிப் படுக்கவைக்கும் பொறுப்பை ஏற்றால், அவ்வீட்டுப் பெண்மணி அன்றாவது உறங்குவார். கீழ்த்தள வீடு வைத்திருப்போர் வாடகைக்கு விடும்பொழுது இத்தகைய குடும்பத்தை முதலில் நினைக்கலாம். நன்கொடையின் ஒரு பகுதியில் சங்கம் இரண்டு சக்கர நாற்காலிகள் வாங்கி, வேண்டுவோர்க்கு இரவல் தரலாம். விழா நடத்தும் மண்டபத்தைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, சரிவுப் பாதை உண்டா என்று கேட்டபின் முன்பணம் கொடுக்கலாம்.

இன்னுமொன்று. பார்க்கச் செல்பவர்கள், ‘எப்பொழுது எழுந்து நடப்பார்?’ என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். கணக்கெழுதத் தெரிந்தவரிடம் சங்கக் கணக்கைக் கொடுங்கள். பாடம் சொல்ல வல்லவரிடம் குழந்தைகளை அனுப்புங்கள். இரக்கத்தை விட வேலை பெரிய மருந்து.

விபத்து யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை நாமறியோம். தட்டிய மறுநாள் அக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே செல்வது யார் என்பதை மட்டும் இன்றே நாம் தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்தை இச்சங்கம் செய்யும் என்று நம்புகிறேன்.