களவு வழக்கும் காப்பிய நீதியும்



தமிழின் முதற் காப்பியத்தின் நடுவே ஒரு திருட்டு வழக்கு நிற்கிறது. சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியமாகவும் ஊழின் காப்பியமாகவும் போற்றுவோர் பலர். ஒரு வழக்கின் வரலாறாக நோக்குவோர் சிலரே. அரசியின் காற்சிலம்பைக் களவாடினான் என்பது கோவலன் மீது சாட்டப்பட்ட குற்றம். சாட்டியவன் பொற்கொல்லன், உண்மையில் களவு செய்தவனும் அவனே. தேவியின் ஊடலைத் தீர்க்க விரைந்த பாண்டியன், சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு காவலர்க்கு ஆணையிட்டான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் போலத் தோன்றவில்லை என ஐயுற்றனர். எனினும் பொற்கொல்லனின் சொல்வன்மை வென்றது. குடிவெறியில் இருந்த காவலன் ஒருவன் வாளை வீசினான்.

கண்ணகி அவை புகுந்து சிலம்பை உடைத்த பின்னரே மாணிக்கப் பரல் வெளிப்பட்டது. அரசியின் சிலம்பிலோ முத்து. சான்றுப்பொருளின் அடையாளம் தண்டனை நிறைவேறிய பிறகு ஆராயப்பட்டது என்பதே இவ்வழக்கின் கொடுமை. பாண்டியன் கொடியவன் அல்லன். பிழையுணர்ந்த கணமே உயிர்விட்டவன். அவன் செய்த பிழை வரிசைப் பிழை. வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் முதற் குறளில் வள்ளுவர் ஆராய்தலை முன்னும் ஒறுத்தலைப் பின்னும் வைத்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இன்று ஒரு சிற்றூரில் வழிப்பறி நடந்தால், வழக்கு முதலில் செல்வது அப்பகுதியின் நீதித்துறை நடுவர் மன்றத்திற்கு. அங்கு அந்த வரிசை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதைக் காண்போம்.

முதலாவது, குற்றத்திற்குப் பெயரிடுதல். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. வழிப்பறியின் இலக்கணம் மாறவில்லை. திருட்டோடு காயமோ, தடுத்து நிறுத்தலோ, உடனடித் தீங்கு நேரும் என்ற அச்சமோ சேரும்போது அது வழிப்பறியாகிறது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் செய்தால் கூட்டுக்கொள்ளை. சாதாரணத் திருட்டிற்கு 3 ஆண்டு வரை சிறை. வழிப்பறிக்கு 10 ஆண்டு வரை. கதிர் மறைந்து மீண்டும் எழுவதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை. சங்கிலியைத் திடீரெனப் பறித்து ஓடுவதைப் புதிய சட்டம் தனிக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை தண்டனை வகுத்துள்ளது. பறிக்கும்போது வேண்டுமென்றே காயப்படுத்தியது மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை ஆயுள் வரை நீளும். ஒரு சொல்லின் எடை எத்தகையது என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொடிய ஆயுதத்தைப் ‘பயன்படுத்துதல்’ என்ற சொல்லுக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை உண்டு. கத்தியைக் காட்டி அஞ்சவைப்பதும் பயன்படுத்துதலே என்றும், அவ்வாறு காட்டியவருக்கே அந்தக் குறைந்தபட்சத் தண்டனை பொருந்தும் என்றும் உச்ச நீதிமன்றம் 1975இல் விளக்கியது.

இரண்டாவது, சான்று. காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது. அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்பைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். பறித்தவர் முன்பின் அறியாதவர் எனில், நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்தப்படும். களவு நடந்த சிறிது காலத்திற்குள் அப்பொருள் ஒருவர் கையில் இருந்தால், அவரே திருடியவர் அல்லது திருட்டுப்பொருள் என்றறிந்து பெற்றவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இந்த அனுமானத்திற்குச் சட்டம் ஒரு வாயில் திறந்து வைத்துள்ளது: பொருள் வந்த வகையை அவர் விளக்கலாம். கோவலனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாயிலே. “இது என் மனைவியின் சிலம்பு, இதன் இணை அவளிடம் உள்ளது” என்று சொல்ல அவனுக்கு அவை கிட்டவில்லை.

மூன்றாவது, முடிவு. வழிப்பறி வழக்கைப் பறிகொடுத்தவரும் பறித்தவரும் தமக்குள் சமரசம் செய்து முடித்துக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. 2006 முதல் வழக்கில் உள்ள தண்டனைப் பேரமும் 7 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொருந்தாது. எனவே முழு விசாரணை நடக்க வேண்டும். அல்லது எதிரி தாமே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரையே சிறை விதிக்க இயலும். அதனினும் கடுமை வேண்டும் எனக் கருதினால் வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். அவர் 7 ஆண்டு வரை விதிக்கலாம். கூட்டுக்கொள்ளை அமர்வு நீதிமன்றத்திற்குரியது.

நான்காவது, தண்டனை. குற்றவாளி என்று முடிவு செய்த உடனே தண்டனை கூறிவிட முடியாது. தண்டனை குறித்து அவரைத் தனியே கேட்க வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம் கொணர்ந்த விதி. அவ்வாறு கேளாமல் விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 1976இல் நீக்கியது. வயது, குடும்பம், முன்குற்றம், திருந்தும் வாய்ப்பு ஆகியன அப்போது எடையிடப்படும். 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றங்களில், சிறைக்கு அனுப்பும் முன் நன்னடத்தைப் பிணையில் விடலாகாதா என்று 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் கேட்கச் சொல்கிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிய சட்டமும் தமிழ் மண்ணில் இருந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், தனி மனிதர் எதுவும் செய்யுமுன்பே சாதியைக் குற்றவாளியாக்கிக் கைரேகை கேட்டது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். 1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. சட்டம் போன பின்னும் பழிச்சொல் போக நெடுங்காலம் ஆயிற்று.

விதிகள் நல்லவையாயினும் அவை ஏழையின் வாயில் வரை செல்லல் வேண்டும். பிணையாளர் கிடைக்காதவர் விசாரணைக் காவலிலேயே காலம் கழிக்கிறார். அக்காலம் தண்டனையில் கழிக்கப்படும் என்பது நன்மையே. ஆனால் கழிந்த நாள் எதிர்பார்க்கும் தண்டனையை நெருங்கும்போது, செய்யாதவரும் ‘செய்தேன்’ என்று சொல்லி வீடு திரும்ப முற்படுவார். அந்த ஒப்புதலை ஏற்பதும் மறுப்பதும் நடுவரின் விருப்புரிமை. அதனைக் கருத்தோடு பயன்படுத்துதல் அவர் கடமை. காவலில் உள்ள எவருக்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்துள்ளது. தமக்கு அந்த உரிமை உண்டு என்பதை அறியாதவருக்கு அறிவிப்பது கற்றவர் கடன்.

கண்ணகி மதுரை அவையில் வாதாடியபோது அவளுக்கு வழக்கறிஞர் இல்லை, காலமும் கடந்துவிட்டது. ஆராயுமுன் ‘கள்வன்’ என்று எழுதும் எழுதுகோல் பொற்கொல்லன் பக்கம் நிற்கிறது. செய்தியிலும் கதையிலும் கவிதையிலும் அச்சொல்லை எழுதுமுன், அவன் தன் விளக்கத்தைச் சொல்லிவிட்டானா என்று படைப்பாளர் ஒருமுறை கேட்டுக்கொள்வாராக.