பிசிராந்தையார் சொன்ன ஐந்து காரணங்கள்



புறநானூற்றின் 191ஆம் பாடல் ஒரு வினாவுக்குரிய விடை. ஆண்டு பல கடந்தும் உமக்கு நரை தோன்றவில்லையே, அஃது எவ்வாறு என்று வினவியவர்க்குப் பிசிராந்தையார் சொன்ன மறுமொழி அது. மருந்தையோ உணவையோ அவர் குறிப்பிடவில்லை. மாட்சிமை பொருந்திய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை பிறழாத வேந்தன், அடக்கமுடைய சான்றோர் பலர் வாழும் ஊர் ஆகிய ஐந்தையுமே காரணமாகக் காட்டினார்.

இதனைப் புலவரின் உயர்வு நவிற்சி என்று கடந்துவிடுவது எளிது. நரைப்பதற்குப் பரம்பரையும் உடலமைப்பும் காரணமாவது மெய்தான். ஆயினும், நரையை முதுமைத் தளர்ச்சியின் குறியீடாகக் கொள்வோமானால், இக்கால ஆய்வாளர் வந்தடைந்துள்ள முடிவுகள் சில புலவரின் விடைக்கு வெகு அண்மையில் நிற்பதைக் காணலாம்.

அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய ஆய்வொன்று, அதிற் சேர்க்கப்பட்டவர்களை இளமை தொட்டு முதுமை வரை தொடர்ந்து அவதானித்தது. நல்லுறவுகளோடு வாழ்ந்தோரே முதுமையிலும் உடல்நலத்தோடு இருந்தனர் என்பது அதன் முக்கியமான முடிபு. பின்லாந்து நாட்டிலே 60 முதல் 77 வயது வரையான 1260 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, குருதியமுக்கக் கண்காணிப்பு ஆகியவற்றை ஈராண்டுகள் ஒருசேர அளித்தனர். பொதுவான அறிவுரை மாத்திரம் பெற்ற மற்றப் பிரிவினரிலும் பார்க்க இவர்களது சிந்தனைத் திறன் கூடுதலாக மேம்பட்டமை 2015இல் வெளியாயிற்று.

“கிழவிக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்று நாம் சொல்லிவிட்டு அதை விதியென்று விட்டுவிடுகிறோம். ‘லான்செற்’ மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மறதிநோய்க்கான 14 காரணிகளை எடுத்துரைத்தது. அவையெல்லாம் நீங்குமானால் ஏறத்தாழ 45 வீதமான நோயைத் தடுக்கலாம் அல்லது பிற்போடலாம் என்பது அதன் கணிப்பு. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் அவற்றுள் அடங்கும். காது கேளாமையும் பார்வைக் குறைவும் தனிமையும் கூட அடங்கும். கேள்விச் செல்வத்துக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். நாமோ காது மந்தமான பெரியவரோடு இரண்டு தரம் சொல்ல அலுத்துப் பேச்சையே குறைத்துக்கொள்கிறோம். அவரைத் தனிமையில் தள்ளுவது அந்த அலுப்புத்தான்.

இனிப் புலவரின் ஐந்தையும் நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படியே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 1983இன் பின் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். 1995இன் இடப்பெயர்வு எஞ்சிய அயலையும் சிதைத்தது. இன்று ரொறன்ரோவிலிருந்து பணம் வருகிறது; தொலைபேசியில் முகமும் தெரிகிறது. கிளினிக்குக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லத்தான் ஆளில்லை. ஐந்தனுள் முதல் நான்கும் பலருக்கு வாய்க்காமற் போயின. எஞ்சியிருப்பது ஊர் ஒன்றே.

அவ்வூருக்கு வழி தெரியாததன்று. கோயில்களிலே ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் புராணபடனத்தை எண்ணிப் பாருங்கள். முதியவர் வீட்டிலிருந்து நடந்து வருகிறார், செவி கொடுக்கிறார், நினைவிலிருந்து அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கிறார், கூட்டத்தில் ஒருவராக இருக்கிறார். உடலுக்கும் மனத்துக்கும் உறவுக்கும் உரிய பயிற்சிகள் அங்கே ஒருங்கு கூடுகின்றன. வாசிகசாலைகளும் அத்தகையனவே.

பிசிராந்தையாரின் வரலாறு நரையில்லாமையோடு முடியவில்லை. முன்பின் கண்டிராத நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவரும் சென்று உடனிருந்து உயிர்நீத்தார். ஆண்டுகளைக் கூட்டிக்கொள்வது அவர் நோக்கமாக இருக்கவில்லை என்பது தெளிவு. தாம் மதிப்பதைச் செய்யும் ஆற்றலோடு முதுமையில் இருத்தலே நலமான முதுமை என்று உலக சுகாதார நிறுவனமும் 2015இல் வரையறுத்தது.

ஆகவே நேயர்களே, பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண் மங்கியிருந்தால், உங்கள் பிள்ளையை அனுப்பி நாளும் ஒரு பக்கம் பத்திரிகை வாசிக்கச் சொல்லுங்கள். காது கேளாவிடின் அருகே அமர்ந்து, முகம் பார்த்து, இன்னொரு தரம் சொல்லுங்கள். சான்றோர் வாழும் ஊர் என்று புலவர் சொன்னது அப்படிப்பட்டவர்களையே.