பிள்ளைத்தமிழ் காட்டும் வளர்ச்சிப் படிகள்



பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களை உடையது. அவற்றைக் குழந்தையின் 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை, ஒற்றைப்படைத் திங்கள்களில் பாடுவது பாட்டியல் மரபு. குழந்தையின் உடல் வளரும் வரிசையும் அப்பருவங்களுள் அடங்கியுள்ளது.

செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகிறது. கழுத்தும் தோளும் முதுகும் வலுப்பெறும் காலம் அது. சப்பாணியில் அமர்ந்து கைகொட்டுகிறது. இடுப்பு உடலைத் தாங்கத் தொடங்கியபின் கைகள் விடுதலை பெறுகின்றன. வருகையில் தளர்நடை பயில்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களில் கால் சிற்றில் சிதைக்கிறது; கை சிறுபறை முழக்குகிறது; உடல் முழுவதும் சேர்ந்து சிறுதேர் உருட்டுகிறது.

இத்தனையும் நிலத்தில் நிகழ்பவை. இன்றோ பல இல்லங்களில் குழந்தை மடியிலும் தொட்டிலிலும் கைப்பேசியின் முன்னும் பொழுதைக் கழிக்கிறது. இன்னும் நகரத் தொடங்காத குழந்தை, விழித்திருக்கும் வேளையில் நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமேனும் குப்புறக் கிடந்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் நெறி வகுத்தது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டா என்றும் அது கூறுகிறது. பாய் விரித்துப் பேரப்பிள்ளையைத் தரையில் விட்ட பாட்டிமார் செய்ததும் இந்நற்பணியே.

மரத்தாலான நடைவண்டியைக் குழந்தை தானே எழுந்து நின்று தள்ளுகிறது. இன்றைய வாக்கரிலோ அமர்ந்தபடி கால்விரல் நுனியால் உந்துகிறது. கண் இமைப்பதற்குள் படியில் உருண்டுவிடவும் கூடும். கனடா நாடு 2004இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது.

அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுத் தாயை வருத்துதல் தகாது. நலமுள்ள குழந்தைகளும் தனித்து நடக்கும் காலம் ஏறத்தாழ 8 திங்கள் முதல் 17½ திங்கள் வரை வேறுபடும் என அந்நிறுவனத்தின் ஆய்வே காட்டியுள்ளது. ஆயினும் 18 திங்கள் நிறைந்தும் நடவாத குழந்தையை மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது. "இவன் அப்பனும் தாமதமாகத்தான் நடந்தான்" என்று ஆறுதல் கொள்வோர், உதவி பலன் தரும் காலத்தை இழந்துவிடக்கூடும்.

தூய்மையான தரை, ஒரு பாய், அருகிருந்து காக்கும் பெரியவரின் கண்: இம்மூன்றையும் எளிய இல்லமும் தர இயலும். அவற்றை நம் குழந்தைகளுக்குத் தருவோமாக.