கெயினைக் குறையுங்கள், இரைச்சல் தானே இறங்கும்

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் செருகி, ஆம்புக்கு முன்னால் மைக்கை வைத்து வீட்டிலேயே ரெக்கார்ட் செய்கிறவர்களுக்கான பேச்சு இது. வாசிப்பை நிறுத்தியதும் பின்னணியில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் விடாமல் ஓடுகிறதே, அதை என்ன செய்வது? முதலில் இரண்டு சத்தங்களைப் பிரித்துக்கொள்வோம். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வேறு, இந்த 'உஸ்' வேறு. ரீங்காரம் கரன்ட்டிலிருந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 என்று அடிக்குரலில் கேட்கும், கிட்டாரோடு திரும்பி நின்றால் கூடும் அல்லது குறையும். கிப்சன் நிறுவனத்துக்காக 1955-இல் செத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப் அதற்குத்தான் மருந்து. எர்த்தைப் பார், கேபிளை மாற்று என்ற அறிவுரையும் அதற்குத்தான். 'உஸ்'ஸுக்கு இவை எதுவும் பலிக்காது.

ஏனென்றால் 'உஸ்' வெளியிலிருந்து வருவதில்லை. ரெசிஸ்டருக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைகின்றன. அந்த அலைச்சலே ஒரு சின்ன வோல்டேஜ். பெல் ஆய்வகத்தின் ஜான் ஜான்சன் அதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வந்தன. ஃபெண்டர் வகை ஆம்புகளின் முதல் ஜாக்கில் இரண்டு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்ந்து 34 கிலோ ஓமாக நிற்கும். அறை வெப்பத்தில், காதுக்கு எட்டும் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை கணக்கிட்டால், அதிலிருந்து மட்டும் சுமார் 3.4 மைக்ரோவோல்ட் இரைச்சல் கிளம்புகிறது. ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு சொச்சம்தான். ஆனால் வாசலிலேயே சேர்ந்துவிட்ட இதை, பின்னால் வரும் ஒவ்வொரு வால்வும் பெருக்கிக்கொண்டே போகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆம்பானாலும் இதுதான் கதி. மாஸ்டர் வால்யூமை இறக்கினால் கிட்டாரும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும், பிறகு மிக்ஸில் ஏற்றும்போது சேர்ந்தே ஏறும். மைக்கை நெருக்கி வைத்தாலும் ஃபேன் சத்தம் குறையுமே தவிர இது குறையாது. கிட்டாரும் இரைச்சலும் ஒரே ஸ்பீக்கரிலிருந்துதானே வருகின்றன?

கெயின் நாப் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. டிஸ்டார்ஷன் என்றால், சிக்னல் தன் உச்சவரம்பில் முட்டி வெட்டுப்படுவது. முட்டிவிட்ட சிக்னல் அதற்குமேல் உயர முடியாது. அடியில் கிடக்கும் இரைச்சலுக்கோ உயர இடம் தாராளமாக இருக்கிறது. கெயினை 10 டெசிபல் ஏற்றினால் கிட்டார் கொஞ்சம்தான் ஏறும், வாசிக்காத இடங்களில் கேட்கும் இரைச்சல் முழு 10 டெசிபலும் ஏறும். அதே 10 டெசிபலை இறக்கினால் கிட்டாரில் பெரிய இழப்பு இல்லை, இரைச்சலின் வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். கம்ப்ரஸர் பெடலுக்கும் இதே நியாயம்தான். குறைக்கிறேன் என்று கிட்டாரில் இருக்கும் வால்யூமைக் குறைத்துவிடாதீர்கள். அதைப் பாதியில் வைத்தால் சிக்னல் இளைக்கும், நாப்பின் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்து இரைச்சலையும் கூட்டும். அது முழுவதும் திறந்திருக்கட்டும்.

கெயினைக் குறைத்தால் டோன் மெலிந்துவிடுமே என்பீர்கள். அறையில் தனியாகக் கேட்கும்போது அப்படித்தான் தோன்றும். ரெக்கார்டிங்கில் கனம் வேறு வழியாக வருகிறது: ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைத்தால் போதும். ஏசி/டிசி குழுவில் மால்கம் யங்கின் ரிதம் கிட்டாரைக் கேட்டுப் பாருங்கள். மார்ஷல் ஆம்பில் கெயினைக் குறைவாக வைத்து வாசித்தவர் அவர்; அதை மெலிந்த டோன் என்று யாரும் சொன்னதில்லை. போதாக்குறைக்கு, ட்ராக்குகளை அடுக்குகிறவர்கள் இரைச்சலையும் அடுக்குகிறார்கள். ட்ராக் இரட்டிக்கும்போதெல்லாம் அது 3 டெசிபல் கூடும், நான்கு ட்ராக் என்றால் 6. மெட்டல் வாசிப்பவர்களுக்கு கெயின் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் நாப்பைக் கடைசி வரை திருப்ப வேண்டிய அவசியம் அபூர்வம்.

நாய்ஸ் கேட் இருக்கும்போது கவலை எதற்கு என்பது அடுத்த கேள்வி. கேட் மூடியிருக்கும் மௌனத்தில் மட்டுமே அது வேலை செய்கிறது. நீண்டு தேயும் ஸ்வரத்தின் வாலையும் சில சமயம் நறுக்கிவிடும். சாஃப்ட்வேரில் துடைக்கலாம், ஆனால் 'உஸ்' எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடப்பதால் அழுத்தித் துடைத்தால் கிட்டார் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஒரு சிறு உதவி உண்டு: கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடுவதால், 10-க்கு மேலே வெட்டினால் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். ரெசிஸ்டரை மாற்றுகிறேன் என்று வால்வ் ஆம்பை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் 'உஸ்' கேட்டால் அது ஆம்பினுடையது. ஆம்பை ஸ்டாண்ட்பையில் போட்ட பிறகும் ஹெட்போனில் கேட்டால் அது மைக் ப்ரீஆம்பினுடையது. அப்படியானால் ஆம்பைக் கொஞ்சம் சத்தமாக வைத்து மைக் ப்ரீஆம்பைக் குறையுங்கள். பிறகு கிட்டார் வால்யூமை முழுவதும் திறந்து, வழக்கமான கெயினில் ஒரு வரி, அதைவிடக் குறைந்த கெயினில் அதே வரி, ஒவ்வொன்றின் முடிவிலும் பத்து விநாடி மௌனம் என்று பதிவு செய்து, இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிக் கேளுங்கள்.